கட்லாவுக்கு ஏன் வெள்ளை டேக்?

முப்பத்தொரு வயதில் பணி ஓய்வு பெற்றவன் நான். சிரிக்காதீர்கள். சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், வாழ்த்திப் பேச வந்தவர் "இனி பேரப் பிள்ளைகளோடு" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். ஒப்பந்தத் திட்டம் முடிந்து ஆட்களை அனுப்பும்போது எங்கள் அலுவலகத்தில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது. எல்லாமே ஓய்வுதான். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேறு வேலை. ஆனால் மீன் எண்ணும் தொழிலில் நான் ஓய்வு பெற்றவன், அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பழைய அணைக்கு ஒரு புதுக் குழு வந்தது. பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கையில் வலை இல்லை, தராசு இல்லை, பாட்டில் மட்டும். அணைத் தண்ணீரைப் பிடித்து வடிகட்டி, மீன்கள் உதிர்த்த மரபணுத் துணுக்கை வைத்தே உள்ளே என்னென்ன மீன் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்களாம். எனக்கு ஒரே பொறாமை. அந்தக் குழுவில் ஒரு பெண், சாமான் அறையில் கிடந்த, மீனுக்கு அடையாளமாக மாட்டுகிற எங்கள் டேக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், எல்லாப் புத்தகத்துலயும் பளிச்சுனு தெரியற கலர்லதான் டேக் போடச் சொல்லியிருக்கு. நீங்க ஏன் சார் வெள்ளை போட்டீங்க? நம்ம அணை நுரையில வெள்ளை தெரியவே தெரியாதே?"

நல்ல கேள்வி. ஒரு டீ முடிவதற்குள் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன், மூன்று டீ ஆகியும் முடியவில்லை. மீதியை எழுதி அனுப்புகிறேன் என்றேன். இதுதான் அது.

எனக்குச் சொந்த ஊர் நாகரசம்பட்டி. மாந்தோப்பு வீடு. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற எனக்கு மீன்வளப் படிப்பில் இடம் கிடைத்தது. கடலோரத்தில் போய் நான்கு வருடம் படித்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துறைமுகத்தில் வந்து இறங்கும் மீனை நீளவாரியாக அளப்பது, ஒலி அலையைக் கீழே அனுப்பி மீன் கூட்டத்தின் எதிரொலியைப் படிப்பது, மீனின் காதெலும்பை எடுத்து வளையம் எண்ணி வயது சொல்வது எல்லாம் கற்றுக்கொண்டேன். இரண்டைக் கற்றுக்கொள்ளவில்லை: வாந்தி எடுக்காமல் படகில் நிற்பது, நீந்துவது. கடல் வேண்டாம் என்று மலைப்பக்கம் ஓடி வந்தேன். வந்த இடத்தில் அணை.

அணையும் சாதாரணமானது இல்லை. மழை பெய்தால் ஆற்றோடு நுரை வரும். ஆளுயரத்துக்கு, வெள்ளை வெளேரென்று, சோப்புத் தூள் விளம்பரம் மாதிரி. காற்றடித்தால் பிய்ந்து ரோட்டுக்குப் பறந்து வந்து பைக்கில் போகிறவன் முகத்தில் அப்பும். அந்தத் தண்ணீரில்தான் கட்லா, ரோகு என்கிற கெண்டை மீன்கள் வளர்கின்றன, அவற்றைப் பிடித்துத்தான் கரையோரத்தில் ஒரு ஊர் பிழைக்கிறது. எத்தனை மீன் இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்வது எங்கள் வேலை.

எங்கள் தலைவர் ஸ்டெல்லா மேடம். தூத்துக்குடிக்காரர். இருபது வருடம் கடல் மீனை எண்ணிவிட்டு இங்கே மாற்றலில் வந்தவர். குள்ளமான உருவம், எப்போதும் காட்டன் சேலை, சேலைக்கு மேலே ஆண்கள் போடுகிற சட்டை, சட்டைப் பையில் ஒரு இடுக்கி. மீனைப் பிடிக்கும்போது கை நடுங்காது. மனிதர்களிடம் பேசும்போது குரல் உயராது. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்த முடிவைக் கொண்டுவந்தாலும் இரண்டே கேள்வி கேட்பார்.

"என்னத்தப் பாத்தீங்க?"

சொல்வோம்.

"என்னத்தப் பாக்கல?"

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் போனால் அறைக்குள்ளேயே விடமாட்டார். திட்டமாட்டார். "போயி பாத்துட்டு வாங்க தம்பி, நான் இங்கதான இருக்கேன்" என்பார். திட்டியிருந்தால் பயம் போயிருக்கும்.

டேக் போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ராயக்கோட்டை மண்டியில் ஒரு தக்காளிக் குவியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ண முடியாது. நூறு தக்காளியை எடுத்து மையால் புள்ளி வைத்துத் திரும்பப் போட்டுக் கலக்குங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கூடை அள்ளுங்கள். கூடையில் பத்துக்கு ஒன்று புள்ளித் தக்காளியாக இருந்தால் குவியலில் மொத்தம் ஆயிரம். நூற்றுக்கு ஒன்று என்றால் பத்தாயிரம். புள்ளி குறையக் குறையக் குவியல் பெரிதாகும். கடலில் பெரிய மீன்களுக்கும் இதே கணக்குத்தான்.

எங்கள் தக்காளி துள்ளும், அது ஒன்றுதான் வித்தியாசம். விடிந்ததும் வலையிலிருந்து மீனை எடுத்து, கிராம்பு எண்ணெய் சில சொட்டு கலந்த தொட்டியில் விடுவோம். கொஞ்ச நேரத்தில் கிறங்கிச் சாயும். ஈரத்துணியால் கண்ணை மூடி, அளவுப் பலகையில் படுக்க வைத்து, மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நீளம், பிறகு எடை. முதுகுத் துடுப்புக்கு அடியில் ஒரு செதிலை மேடம் இடுக்கியால் தூக்குவார். அந்த இடைவெளியில் ஊசித் துப்பாக்கியைச் சாய்வாகச் செலுத்தி ஓர் அழுத்து. இடியாப்ப இழை கனத்தில் ஒரு சின்னக் குழாய், அதில் எண், தோலுக்கு வெளியே தொங்கும். மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும், வந்துவிட்டால் தப்பு. நல்ல தண்ணீரில் வைத்து, செவுள் சீராக அடிக்க ஆரம்பித்த பிறகு விட வேண்டும். மேடம் ஒவ்வொன்றையும் இரு கையாலும் ஏந்தி விடுவார். நான் பரிசலின் விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பேன்.

டேக்கின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான். சிவப்பு. நல்ல ரத்தச் சிவப்பு. நுரையிலும் தெரியும், சேற்றிலும் தெரியும், புத்தகமும் அதைத்தான் சொன்னது. டேக் மீன் கிடைத்தால் டேக்கைக் கொண்டுவந்து கொடுங்கள், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தருகிறோம் என்று ஊரில் ஒலிபெருக்கியில் சொன்னோம். டிபன் பாக்ஸ் யோசனையும் என்னுடையதுதான். எனக்கு அப்போது யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு டேக்கும் வரவில்லை.

முதல் வாரம் யாரும் கவலைப்படவில்லை. ஒரு மாதம் ஆனது. மீன் டன் கணக்கில் கரையேறியது, டேக் மட்டும் வரவில்லை. அலுவலகத்தில் டிபன் பாக்ஸ்கள் உத்தரம் வரை அடுக்கியபடியே இருந்தன. நான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சூத்திரத்தில் திரும்பி வந்த டேக்கால் வகுக்க வேண்டும். பூஜ்யத்தால் எப்படி வகுப்பது? ஒன்றே ஒன்று வந்ததாக வைத்துப் போட்டாலும், அணையில் தண்ணீரை விட மீன் அதிகம் என்கிற மாதிரி விடை வந்தது.

சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு இல்லை. அந்த எண் மேலே போனால், இவ்வளவு மீன் இருக்கிறதே என்று கூடுதல் வலைக்கு அனுமதி கொடுப்பார்கள். இல்லாத மீனைப் பிடிக்கப் போய் இருக்கிற மீனும் போகும். கடலில் ஒரு முறை அப்படி ஆனதை மேடம் பார்த்திருக்கிறார். "படகெல்லாம் போச்சு. வலையில பாசிதான் வந்துச்சு" என்று மட்டும் சொல்வார், அதற்கு மேல் பேசமாட்டார்.

"டேக் திரும்பி வரலன்னா மூணு காரணம் தம்பி" என்றார். "மீனு செத்திருக்கணும். இல்ல, டேக்கு கழண்டிருக்கணும். இல்ல, மனுசன் மறைச்சிருக்கணும். முதல் ரெண்டையும் பாருங்க."

ஆழமில்லாத இடத்தில் வலைக்கூண்டு கட்டி, டேக் போட்ட மீன்களை அதில் அடைத்து வைத்துக் கவனித்தேன். ஒன்று கூடச் சாகவில்லை. ஒரு டேக் கூடக் கழலவில்லை. அன்று கூண்டுக்குள் சிவப்புச் சிவப்பாக ஓடிய மீன்களைப் பார்த்தபோது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மிச்சம் இருந்தது மூன்றாவது காரணம்தானே. மனுசன்.

அணையில் அதிகம் பிடிப்பவன் முனிராஜ். என் வயது. அவன் அம்மா எல்லம்மா வீட்டில் தெலுங்கு பேசுவாள், வெளியில் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். அவன் மனைவி பவித்ரா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை. ஆறு மாதக் கர்ப்பம். என்னை அந்த வீட்டில் 'டேக் சார்' என்பார்கள். போனால் மீன் குழம்பு நிச்சயம். சில வாரமாகக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் கரைக்குப் போய் அவன் பரிசலில் ஏறிக்கொண்டேன்.

"இன்னா சார், திடீர்னு? நீச்சல் கத்துக்கினியா?"

"இல்லப்பா. நீ இருக்கியே."

"நான் இருக்கேன். நுரைக்குள்ள வுழுந்தா நானே உன்ன தேடணும், அத்த சொல்லு."

வழக்கமான கிண்டல்தான், ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை. நடு அணையில் வலையை இழுக்க ஆரம்பித்தான். ஒரு ரோகு, இரண்டு ஜிலேபிக் கெண்டை, பிறகு ஒரு பெரிய கட்லா. அதன் முதுகில் என் சிவப்பு. "முனிராஜ், டேக்!" என்று கத்துவதற்குள் அவன் செய்ததைச் சொல்கிறேன். கையால் தொடவில்லை. ஒரு குச்சியால் வலைக் கண்ணை விலக்கி, மீனைப் பக்கவாட்டில் தள்ளி, தண்ணீருக்குள் விட்டான். குச்சியையும் தூக்கி எறிந்தான். பிறகு கையைத் தண்ணீரில் கழுவப் போனவன், பாதியில் நிறுத்தி லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"எதுக்குப்பா விட்ட?"

அவன் உட்கார்ந்துவிட்டான். பரிசல் தானாக அரைச் சுற்றுச் சுற்றியது.

"சார், உன் காலுல வுழறேன். யார்கிட்டயும் சொல்லாத. ஊர்ல எல்லாரும் இப்படித்தான் வுட்டுர்றாங்க. அது ரிஜெக்ட் மீனுன்னு வெளிய தெரிஞ்சா அணை மீனை ஒருத்தனும் வாங்கமாட்டான்."

"ரிஜெக்டா? யார் சொன்னா?"

"செவப்பு டேக் போட்டிருந்தா வேற இன்னா? பவித்ரா பாத்த ஒடனே சொல்லிட்டா. அவ கம்பெனியில அப்படித்தானே."

ஓசூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது கம்பெனியில் வேலை செய்கிற ஊர்களில், இது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். பச்சை டேக் தொங்கினால் ஓகே. மஞ்சள் தொங்கினால் ஹோல்டு. முடிவு தெரியும்வரை அப்படியே வைக்க வேண்டும். சிவப்பு தொங்கினால் ரிஜெக்ட், கழித்துக் கட்டியது. நான் மாந்தோப்பில் வளர்ந்து கடலோரத்தில் படித்தவன். எனக்குச் சிவப்பு என்பது பளிச்சென்று தெரிகிற நிறம், அவ்வளவுதான்.

"டிபன் பாக்ஸு?" என்று கேட்டேன்.

"கெட்டுப்போன மீனைத் தின்னவங்க கேஸ் போடாம இருக்கறதுக்குக் குடுக்கறாங்கன்னு பேச்சு."

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. ஏனென்றால் முனிராஜ் அழுதுகொண்டிருந்தான்.

"அவ அந்த டேக்க மொதல்ல பாக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் இந்த அணை மீனத்தான் தின்னிருக்கா சார். தெனமும். கெண்டை சாப்ட்டா புள்ளைக்கு நல்லதுன்னு எங்கம்மாதான் ஊட்டி வுட்டுச்சு. இப்ப ராத்திரி தூங்கறதில்ல. வயித்தத் தொட்டுப் பாத்துக்கினே கெடக்கா. புள்ள அசையலன்னா எழுப்பறா, அசைஞ்சா துடிக்குதுன்னு அழறா. அஞ்செட்டிப் பக்கம் ஒருத்தர் விஷத்த இறக்க மருந்து குடுக்கறாரு. வர்ற அமாவாசைக்குக் குடிக்க வெக்கணும்னு அம்மா வாங்கி வெச்சிருக்கு."

"என்ன மருந்து?"

"குடிச்சா எல்லாம் வெளிய வந்துரும்ங்கறாங்க."

எல்லாம் என்றால்? கேட்கவில்லை. அமாவாசை மறுநாள்.

கரை சேர்ந்ததும் அலுவலகத்துக்கு ஓடினேன். நிஜமாகவே ஓட்டம்தான், பைக்கை மறந்துவிட்டேன். மேடம் அளவுப் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் கை நின்றது.

"வாங்க, இப்பமே போவோம்."

"மேடம், ஒரே வார்த்தை. மீன் நல்ல மீன், ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொன்னாப் போதும். உங்க பேருக்கு முன்னாடி டாக்டர்னு இருக்கு. நம்புவாங்க. மருந்தைக் கீழ கொட்டிருவாங்க."

"என்னத்தப் பாத்தீங்க?"

"மேடம், இப்ப போய்..."

"சொல்லுங்க தம்பி. நீளம் பாத்தோம். எடை பாத்தோம். எத்தன இருக்குன்னு பாத்தோம். என்னத்தப் பாக்கல?"

எனக்குத் தெரியும். அந்த மீனின் சதையில் என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. நுரையோடு என்ன வருகிறதோ, அது மீனுக்குள் போயிருக்கிறதா என்று ஒரு நாளும் சோதித்ததில்லை. அது எங்கள் திட்டத்தில் கிடையாது. அந்த நிமிடம் வேறொன்றும் உறைத்தது: எங்கள் மெஸ்ஸில் தினமும் அதே மீன். நானும் அத்தனை நாள் தின்றிருக்கிறேன்.

"ஒரு பொய்தானே மேடம். ஒரு குழந்தைக்காக."

"நாளைக்கே அந்தப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அந்தப் பொண்ணு மீனைத்தான் நினைப்பா. நம்மள நம்பமாட்டா. ஆஸ்பத்திரில சொல்லுறதையும் நம்பமாட்டா. அப்பம் யாருகிட்ட போவா? மருந்துகாரருகிட்டதான்." சட்டைப் பையிலிருந்து இடுக்கியை எடுத்து மேசையில் வைத்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. வாங்க."

வீட்டில் பவித்ரா கம்பெனி யூனிஃபார்மோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஷிப்டுக்குப் போகக் கிளம்பிப் போகாமல் இருந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மூலையில் ஸ்டூலின் மேல் ஒரு தண்ணீர் பாட்டில், உள்ளே கரும்பச்சைச் சாறு, மேலே தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லம்மா வாசலை மறித்து நின்றாள். "ஒத்து சாமி, ஒத்து" என்றாள் என்னைப் பார்த்து. வேண்டாம், வராதே என்று அர்த்தம். "கெட்ட மீனுக்கு டேக்கு போட்டுட்டு, போடாத மீனத் திங்கச் சொல்லிட்டு, இப்ப எதுக்கு வந்திருக்கீங்கோ?"

"நாங்க டேக் போட்டது கெட்ட மீனுக்கு இல்லம்மா" என்றார் மேடம், அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து. "வலையில வந்த எல்லா மீனுக்கும் போட்டோம். எண்ணுறதுக்காகப் போட்டது. செவப்புன்னா உங்க ஊருல என்னன்னு எங்களுக்குத் தெரியல."

"எண்றதுக்கா?" என்று பவித்ரா தலையைத் தூக்கினாள். "சும்மா எண்றதுக்கா மேடம்?"

"ஆமா. எண்ணுறதுக்கு மட்டுந்தான்."

அவள் உடம்பு முழுக்கத் தளர்ந்தது. முனிராஜ் சுவரில் சாய்ந்தான். இதோடு எழுந்து வந்திருக்கலாம். மேடம் எழவில்லை.

"அப்ப மீனு நல்ல மீனுதானே மேடம்?" என்று பவித்ரா கேட்டாள். "நான் சாப்பிட்டது ஒண்ணும் பண்ணாதில்ல?"

வெளியே ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"அத நாங்க பாக்கல கண்ணு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மீனு எத்தனன்னுதான் பாத்தோம். உள்ள என்ன இருக்குன்னு பாக்கல. நல்லதுன்னு சொல்ல எங்கிட்ட ரிசல்ட் இல்ல. கெட்டதுன்னு சொல்லவும் இல்ல. நானும் தெனமும் அதத்தான் திங்கேன், மீன் இல்லாம எனக்குச் சோறு இறங்காது. ஆனா அது ரிசல்ட் ஆகாது. இன்னைக்கே மீன அனுப்பி சோதிக்கச் சொல்லுதேன். வர நாளாகும். நீ டாக்டரப் பாரு, ஸ்கேன் எடு. அந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, அதையும் யாரும் பாக்கல."

எல்லம்மா வெடித்தாள். "பாத்தியா, பாத்தியா! நல்லதுன்னு சொல்லமாட்டேங்கறாங்கோ! முனிராஜு, அத எடுடா. நாளை வரைக்கும் எதுக்கு, இப்பவே குடிக்கட்டும்."

முனிராஜ் அசையவில்லை. எல்லம்மாவே போய்த் தட்டை எடுத்துவிட்டு பாட்டிலைத் திறந்தாள். கசப்பு நெடி அறை முழுக்கப் பரவியது. ஒரு டம்ளரில் ஊற்றி மருமகளின் கையில் திணித்தாள். பவித்ரா டம்ளரை வாங்கிக்கொண்டாள். வாய்க்குப் பாதி தூரம் கொண்டுபோனாள். நான் மேடத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை! மேடம் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருந்தார்.

"அப்ப ரிஜெக்ட் இல்ல" என்றாள் பவித்ரா மெதுவாக, தனக்குத்தானே. "ஓகேவும் இல்ல."

"ஆமா."

"ரிசல்ட் வரணும்."

"வரணும்."

"அப்ப ஹோல்டு." டம்ளரைத் தரையில் வைத்தாள். "ஹோல்டுன்னு சொல்லுங்க மேடம், புரியுது. மஞ்சா டேக்கு."

"அது என்ன கருமமோ, குடிடி!" என்றாள் எல்லம்மா.

"இல்லத்தே. ஹோல்டு போட்ட பீஸ்ல யாரும் கை வெக்கக் கூடாது. ரீவொர்க்குன்னு சரி பண்ணவும் கூடாது. ரிசல்ட் வராம கை வெச்சா நல்ல பீஸும் போயிடும்." வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டாள். "நீங்க கத்தினாலும் சரி. நான் தொடமாட்டேன்."

முனிராஜ் அந்த டம்ளரையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். எல்லம்மா அவன் பின்னாலேயே தெலுங்கில் திட்டிக்கொண்டு போனாள். வாய்க்கால் பக்கம் ஊற்றப் போனவன் திரும்பி வந்து, "சார், இத எங்க ஊத்தறது? அணையில கலந்துராது?" என்று கேட்டான். கடைசியில் குழி தோண்டி ஊற்றினோம்.

அன்று மாலையே பவித்ராவை நகர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டர், குழந்தை வளர்ச்சி சரியாக இருக்கிறது என்றார். அந்தச் சாற்றைப் பற்றிக் கேட்டுவிட்டு, குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொன்னதை முனிராஜ் இன்று வரை தன் அம்மாவிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நிறம். ஊரே பச்சை போடச் சொன்னது, நானும் சொன்னேன். பச்சை போட்டால் பயமும் போகும், டேக்கும் திரும்பி வரும். மேடம் மறுத்துவிட்டார். "பச்சைன்னா பாஸுன்னு ஆயிரும். நாம பாஸ் பண்ணலையே." மஞ்சள் போட்டால் யாரும் மீனைத் தொடமாட்டார்கள். கம்பெனிக்குக் கம்பெனி விசாரித்துப் பார்த்தோம். நீலம் ஒரு இடத்தில் சாம்பிள் பீஸுக்கு, ஆரஞ்சு இன்னொரு இடத்தில் ரீவொர்க்குக்கு. எங்கேயும் எந்த அர்த்தமும் இல்லாத நிறம் ஒன்றுதான் மிஞ்சியது. வெள்ளை. நுரையில் தெரியாது என்று தெரிந்தேதான் போட்டோம். பரிசலில் மீனைக் கையில் எடுக்கிறவனுக்குத் தெரிந்தால் போதும்.

டேக்குகள் வர ஆரம்பித்தன. டிபன் பாக்ஸ் அடுக்கு குறைந்தது. அடுக்கு குறையக் குறைய அணையில் மீனும் குறைந்தது, கணக்கில். கடைசியில் வந்த எண், நாங்கள் எதிர்பார்த்ததை விடச் சின்னது. கூடுதல் வலை கிடையாது, இருக்கிற வலையிலும் கண் சிறியதை எடுத்துவிட வேண்டும் என்று எழுதினோம். கரையோர ஊர் எங்களை ஒரு வருடம் திட்டியது. எல்லம்மா எல்லோருக்கும் முன்னால் நின்று திட்டினாள்.

மீன் சோதனை முடிவும் வந்தது. தேடிய உலோகங்கள் எல்லாம் அனுமதித்த அளவுக்குள். நான் துள்ளிக்கொண்டு போனேன். மேடம் படித்துவிட்டு, "பாத்தது சரியா இருக்கு. பாக்காதது எவ்வளவு இருக்கு, பாருங்க" என்று பட்டியலுக்கு வெளியே இருந்த வெற்றிடத்தைக் காட்டினார். அதைப் பவித்ராவுக்கு அப்படியே சொன்னோம். "அப்ப பாதி மஞ்சா சார்" என்றாள். மீனை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டாள். நானும்தான்.

திட்டம் முடிந்த பிறகு தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. நாள் முழுக்க டேக் மாட்டுவதுதான் வேலை. பச்சை எடுக்கும்போதெல்லாம் கை ஒரு விநாடி நிற்கும். மேற்பார்வையாளர் "இன்னா சார், மந்திரம் சொல்றியா?" என்று கேட்பார். பார்க்காததை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன்.

இனி, வெள்ளையைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்குச் சொல்ல ஒன்றுதான் பாக்கி. பவித்ராவுக்குப் பிரசவம் ஆன அன்று நான் கரையில் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பொண்ணு என்று முனிராஜ் சொல்லி முடிப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கிவிட்டாள்.

"சார், புள்ள கால்ல டேக் கட்டியிருக்காங்க."

எனக்குப் பரிசல் சுற்றுவது போல இருந்தது.

"என்ன கலர்?"

"வெள்ளை சார். நம்பர் போட்டிருக்கு. எல்லாப் புள்ளைக்கும் கட்டறதுதான், மாறிப் போவாம இருக்கன்னு நர்ஸ் சொல்றாங்க. சும்மா எண்றதுக்குத்தானே சார்? நம்பலாமா?"

அணைக்கு மேலே நுரை ஏறிக்கொண்டிருந்தது. மேடம் பத்தடி தள்ளி நின்று ஒரு கட்லாவை இரு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காதபடி திரும்பி நின்றுகொண்டேன்.

"நம்பலாம் பவித்ரா" என்றேன். பார்க்காமல் நான் சொன்ன ஒரே ரிசல்ட் அது.